‘ஒண்டும் நடக்கேல்லத்தானே?’ – இலங்கை சிவில் விமான சேவை அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், சிவில் விமான சேவைப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும்,

வணக்கம். நான் விமானி இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் ஒருநாளும் கால் வைத்ததுமில்லை. 31 வருடம் மோட்டார் காப்புறுதியில், இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவன். நசுங்கிய மட்கார்ட், உடைந்த ஹெட்லைட், கராஜ்காரர் எழுதித் தரும் எஸ்டிமேட், பொலிஸ் என்ட்ரி. என் உத்தியோகம் முழுக்க இவ்வளவுதான். இப்போது கல்கிசையில் மகளோடு இருக்கிறேன். பின்னேரம் தேத்தண்ணியோடு மொட்டைமாடிக்குப் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் இரத்மலானைக்கு இறங்கும் விமானங்கள். பேத்தி அவற்றை எண்ணுவாள். நான் அவளுக்காக எண்ணுவதுபோலப் பாவனை செய்துகொண்டு எனக்காகவும் எண்ணுவேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பின்னேரம் பயிற்சி விமானமொன்று திரும்பிக்கொண்டிருக்க, அதே பக்கத்தில் ஒரு ஹெலி வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மிகக் கிட்ட வந்ததுபோல எனக்குத் தோன்றியது. ‘தோன்றியது’ என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். தரையில் நிற்பவன் கண்ணுக்கு உயர வித்தியாசம் பிடிபடாது. ஆயிரம் அடி இடைவெளியில் போகும் இரண்டு விமானங்கள்கூடக் கீழேயிருந்து பார்த்தால் உரசிக்கொண்டு போவதுபோலத்தான் தெரியும். அதனால் அன்று ஏதோ பிழை நடந்தது என்று நான் சொல்லவில்லை. யார் மேலும் பழி போடவுமில்லை.

ஆனால் பார்த்ததை ஓரிடத்தில் சொல்லிவைக்க வேண்டும்போல இருந்தது. பழைய தொழில் புத்தி. ஓர் அலுவலகத்துக்கு டெலிபோன் எடுத்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. மூன்று மேசை மாறிய பிறகு ஒருவர் பேசினார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார். நான் முழுவதையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “மொகுத் வுணே நேனே, மஹத்தயா?”

ஒண்டும் நடக்கேல்லத்தானே, ஐயா?

இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. அப்படியென்றால் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நன்றியும் சொல்லி வைத்துவிட்டார். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நானும் 31 வருடம் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த மடலை எழுதவைத்தது அந்தக் கேள்விதான்.

காப்புறுதிக் கந்தோரில் எங்களுக்கு விபத்து என்றால் கோரிக்கைப் பத்திரம் வந்தால்தான் விபத்து. காலி வீதியில் ஒரு மஞ்சள் கடவை இருந்தது. அந்த இடத்தில் பிறேக் அடித்து முன்வண்டியில் முட்டிய சின்னச் சின்னக் கோரிக்கைகள் ஒரே வருடத்தில் என் மேசைக்கு மூன்று நான்கு வந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிக் கோவை. ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்து மூடினோம். பிறகு வந்த கோவையில் ஹெட்லைட் இல்லை, ஒரு பெண்பிள்ளை. அன்றிரவு பழைய கோவைகளை அடுக்கிப் பார்த்தபோதுதான் எல்லாம் ஒரே கடவை என்று தெரிந்தது. தகவல் முழுவதும் எங்கள் அலுமாரியிலேயே இருந்திருக்கிறது. அடுக்கிப் பார்க்கத்தான் ஆளில்லை.

2025 ஜனவரி 29ஆம் திகதி இரவு வாஷிங்டனில் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த ஒரு சிறிய பயணிகள் ஜெட், ரீகன் விமானநிலையத்தில் இறங்கப் பொட்டோமக் ஆற்றின் மேல் தாழ்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க இராணுவத்தின் பிளாக் ஹோக் ஹெலி ஒன்று அதே ஆற்றின் வழியே போய்க்கொண்டிருந்தது. இரண்டும் மோதின. ஜெட்டில் 64 பேர், ஹெலியில் மூன்று பேர். 67 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

அந்த ஹெலிக்கு என்று வரைபடத்தில் குறித்த பாதை ஒன்று இருந்தது. 200 அடிக்கு மேல் ஏறக்கூடாது என்பது அதன் விதி. மோதும்போது ஹெலி ஏறத்தாழ 278 அடியில் இருந்தது. இங்கேயே நிறுத்திக்கொண்டால், ‘ஹெலிக்காரன் விதியை மீறினான்’ என்று கோவையை மூடிவிடலாம். என் பழைய மேலதிகாரி அப்படித்தான் மூடியிருப்பார். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அங்கே நிற்கவில்லை. ஹெலி தன் பாதையில், தன் உயரத்தில், இம்மி பிசகாமல் போயிருந்தாலும், 33ஆம் இலக்க ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே சில வேளைகளில் 75 அடிதான் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. 75 அடி என்றால் எங்கள் வெள்ளவத்தைப் பக்கத்து ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் உயரம். அந்தப் பாதையை வரைந்த நாளிலேயே ஆபத்தும் வரையப்பட்டுவிட்டது.

இதற்குப் பிறகுதான் நான் இந்த மடலை எழுதக் காரணமான எண் வருகிறது. 2021 ஒக்டோபருக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் அந்த விமானநிலையத்தைச் சுற்றி, பயணிகள் விமானமும் ஹெலியும் பக்கவாட்டில் ஒரு கடல் மைலுக்கும், உயரத்தில் 400 அடிக்கும் குறைவாக நெருங்கிய சந்தர்ப்பங்கள் 15,214. அவற்றில் 85 தடவை பக்கவாட்டில் 1,500 அடிக்கும், உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. 2011 முதல் 2024 வரை மாதம் ஒரு முறையாவது ஏதோ ஒரு விமானத்தின் மோதல் தவிர்ப்புக் கருவி ஹெலி ஒன்றைப் பார்த்து விமானிக்குக் கட்டளையே கொடுத்திருக்கிறது. விபத்து நடந்து ஆறே வாரத்தில் இந்த எண்கள் வெளியே வந்துவிட்டன. அவ்வளவு விரைவாக வந்ததற்குக் காரணம், அவை புதிதாகத் தேடிப் பிடித்தவை அல்ல. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அலுமாரியில் முன்பே கிடந்தவை.

என் மஞ்சள் கடவை நினைவுக்கு வந்தது. 15,214 தடவை ஒருவர் மற்றவரைப் பார்த்து ‘ஒண்டும் நடக்கேல்லத்தானே’ என்று சொல்லியிருக்கிறார்கள்.

விமானத்துக்குள்தான் மோதலைத் தவிர்க்கும் கருவி இருக்கிறதே, பிறகென்ன பயம் என்று மருமகன் கேட்டார். கணினித் துறையில் இருப்பவர், கருவியில் நம்பிக்கை அதிகம். அந்தக் கருவி உயரத்தில் பறக்கும்போது ‘ஏறு’, ‘இறங்கு’ என்று சொல்லும். தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே வந்துவிட்டால் அந்தக் கட்டளைகளை அது தானே நிறுத்திக்கொள்ளும், ஏனென்றால் அந்த உயரத்தில் ‘இறங்கு’ என்றால் தரைதான். வாஷிங்டன் விமானிகளுக்கும் ‘அருகே விமானம்’ என்ற எச்சரிக்கை மட்டும் மோதலுக்கு இருபது வினாடிக்கு முன் கேட்டது. என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லவில்லை. விமானநிலையத்துக்குக் கிட்ட, கூட்டம் மிக அதிகமாக இருக்கும் இடத்தில்தான் கருவியின் துணை மிகக் குறைவு. அங்கே காப்பாற்ற வேண்டியது பாதையை வரைந்தவரும், கட்டுப்பாட்டாளரும், அவர்களிருவருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லும் கோவையும்தான்.

அமெரிக்காவோடு எங்களை ஒப்பிட முடியாது என்று சொல்வீர்கள். சரி, பக்கத்து வீட்டுக்குப் போவோம். 1996 நவம்பர் 12, டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரி. புறப்பட்டு ஏறிக்கொண்டிருந்த சவூதி போயிங்கும், இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் இல்யூஷினும் மோதி 349 பேர் இறந்தார்கள். வானத்தில் நடந்த மோதல்களிலேயே அதிக உயிர் குடித்தது இன்றுவரை அதுதான். சவூதி விமானத்தில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன இந்தியர்கள். கட்டுநாயக்கவில் இரவில் வரிசையில் நிற்கும் எங்கள் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட கசகஸ்தான் விமானம் அதற்குக் கீழே இறங்கியது என்பதுதான் நேரடிக் காரணம். நீதிபதி லஹோட்டி தலைமையில் நடந்த விசாரணை அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. டெல்லியைச் சுற்றிய வானத்தில் பெரும்பகுதி விமானப்படையின் கையில் இருந்ததால் பயணிகள் விமானங்கள் வருவதற்கும் போவதற்கும் ஒரே ஒழுங்கைதான் இருந்தது. உயரத்தைக் காட்டும் இரண்டாம் நிலை ராடார் அன்று அங்கே இயங்கவில்லை. கட்டுப்பாட்டாளரின் திரையில் தெரிந்தது வெறும் புள்ளி. புள்ளிக்கு உயரம் கிடையாது. அந்த விபத்துக்குப் பிறகுதான் வருவதற்கும் போவதற்கும் வெவ்வேறு பாதை வந்தது, மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. ஒரு வழி மட்டுமே இருந்தது என்பது விபத்துக்கு முந்தைய நாளும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே!

இரத்மலானையில் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த ஒரே ஓடுபாதை. அதில் பயிற்சிப் பள்ளி விமானங்கள், உள்நாட்டு விமானங்கள், விமானப்படை. கட்டுநாயக்கவிலும் பயணிகள் விமானநிலையமும் விமானப்படைத் தளமும் ஒரே ஓடுபாதையைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. இரண்டு விமானநிலையங்களுக்கும் நடுவில் கொழும்பு. இது ஆபத்து என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. உலகத்தில் எத்தனையோ ஊர்களில் இப்படித்தான் இருக்கிறது, ஒழுங்காகவும் நடக்கிறது. ஆனால் ஒழுங்காக நடக்கிறது என்பதை நாங்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? விபத்து இல்லை என்பதை வைத்தா? 2025 ஜனவரி 28ஆம் திகதி வாஷிங்டனிலும் விபத்து இல்லை.

எங்கள் வானத்திலும் மோதல் நடந்திருக்கிறது. 2011 மார்ச் 1, விமானப்படையின் 60ஆவது ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில் இரண்டு கிபிர் போர் விமானங்கள் கம்பஹாப் பக்கம் நடுவானில் மோதின. ஒரு விமானி இறந்துபோனார். (கிபிர் என்ற பெயரை எங்கள் சனத்துக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. அது வேறு கதை. ஆனால் அன்று இறந்ததும் ஒரு தாயின் பிள்ளை.) கம்பஹாவையும் கட்டுநாயக்கவையும் வரைபடத்தில் பாருங்கள், ஒரு விரலகலம். கீழே வீடுகள், வயல், பள்ளிக்கூடம்.

கீழே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1986 ஓகஸ்ட் 31, லொஸ் ஏஞ்சலிஸ் விமானநிலையத்துக்கு இறங்க வந்த மெக்சிக்கோ விமானம் ஒன்றோடு, அனுமதியில்லாமல் அந்த வான்பரப்புக்குள் வந்த சின்ன பைப்பர் விமானம் மோதியது. அந்தச் சின்ன விமானம் தன் உயரத்தைக் கட்டுப்பாட்டாளருக்குக் காட்டும் கருவியைப் பூட்டியிருக்கவில்லை. செரிட்டோஸ் என்ற குடியிருப்பின் மேல் விழுந்தார்கள். இறந்த 82 பேரில் 15 பேர் கீழே தரையில் இருந்தவர்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் டிக்கெட் எடுக்கவில்லை, பெல்ட் போடவில்லை, எந்த விமானத்தையும் நம்பி ஏறவில்லை. கல்கிசை மொட்டைமாடியில் நிற்கும் நானும் என் பேத்தியும் அந்த வகைதான். ஆகவே இது ‘பயணிகள் விவகாரம்’ என்று எங்களை ஒதுக்க வேண்டாம்.

இனிக் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

பிரித்தானியாவில் விமானங்கள் அபாயமாக நெருங்கும் சம்பவங்களை மட்டும் ஆராய ஒரு சபை இருக்கிறது. சிவில் விமானமா, இராணுவ விமானமா என்று அது பேதம் பார்ப்பதில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் இருந்து ஒவ்வொரு சம்பவத்தையும் ஆராய்ந்து, எவ்வளவு ஆபத்து என்று தரம் பிரித்து, அறிக்கையை எல்லாரும் வாசிக்க வெளியிடுகிறார்கள். விமானியின் பெயர் அதில் இருக்காது. யாரையும் தண்டிப்பது அதன் வேலையுமில்லை. இப்படியொன்று கொழும்புக்கும் வேண்டும். பெரிய கட்டடம், புது வாகனம், திறப்புவிழா எதுவும் வேண்டாம். கட்டுநாயக்கவையும் இரத்மலானையையும் சுற்றி வருடத்தில் எத்தனை தடவை நெருக்கம் ஏற்பட்டது, எங்கே, எந்த உயரத்தில், எந்த வகை விமானங்களுக்கு இடையில், அதன்பிறகு என்ன மாற்றினீர்கள் என்று வருடம் ஒருமுறை ஒரு சிறு அறிக்கை போதும். விமானப்படையும் அதில் இருக்க வேண்டும். ஒரு பாதி வானத்தை மட்டும் எண்ணினால் அது எண்ணிக்கையே இல்லை.

அறிக்கை தமிழிலும் சிங்களத்திலும் வரட்டும். ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டு ‘பகிரங்கப்படுத்திவிட்டோம்’ என்று சொல்ல வேண்டாம்.

அடுத்தது சொல்பவனுக்குப் பாதுகாப்பு. இதற்கும் என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம். மோட்டார் காப்புறுதியில் ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்று ஒன்று உண்டு. வருடம் முழுக்கக் கோரிக்கை போடாவிட்டால் அடுத்த வருடக் கட்டணத்தில் கழிவு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதன் விளைவு என்ன? சின்ன முட்டல்களை யாரும் எங்களுக்குச் சொல்லவே மாட்டார்கள். கராஜில் கைக்காசு கொடுத்துத் தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் புத்தகத்தில் அவர் மிக நல்ல சாரதி. மட்கார்டைத் தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு இஞ்சிக்குப் பட்டிப் பூச்சு. கட்டுப்பாட்டாளர் ஒருவர் ‘இன்று என் கையால் இரண்டு விமானம் கிட்ட வந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த நாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வருமென்றால், அவரும் பட்டி போட்டு மூடத்தான் பார்ப்பார். மனுஷன்தானே.

1976இல் ஸாக்ரெப் நகரத்துக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதி 176 பேர் இறந்தபோது ஒரு கட்டுப்பாட்டாளருக்கு ஏழு வருடச் சிறை விதித்தார்கள். உலகமெங்கும் அவருடைய தொழில்காரர்கள் மனுப் போட்டபின் முன்கூட்டியே விட்டார்கள். 2002 ஜூலை 1ஆம் திகதி இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் ஊருக்கு மேல் இரண்டு விமானங்கள் மோதி 71 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தபோது சூரிச் கட்டுப்பாட்டு அறையில் இரண்டு திரைகளை ஒரே ஆள் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர் ஓய்வில். எச்சரிக்கை முறை பராமரிப்புக்காகக் குறைத்து வைக்கப்பட்டிருந்தது. ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆபத்தைக் கண்ட ஒருவர் சொல்ல முயன்றும் டெலிபோன் கிடைக்கவில்லை. விசாரணை இதையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதி முடிப்பதற்குள், குடும்பத்தையே இழந்த ஒரு தகப்பன் அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டு வாசலில் குத்திக் கொன்றுவிட்டான். இன்னும் ஒன்று: கருவி ஒன்று சொல்ல, கட்டுப்பாட்டாளர் வேறொன்று சொல்ல, எதைக் கேட்பது என்ற அதே குழப்பத்தில் 2001 ஜனவரியில் ஜப்பானில் இரண்டு பெரிய விமானங்கள் மயிரிழையில் தப்பியிருந்தன. விதியைத் தெளிவாக்குங்கள் என்று ஜப்பான் சர்வதேச சிவில் விமான அமைப்புக்குச் சொன்னது. சொல்லி முடிவு வருமுன் ஊபர்லிங்கன் வந்துவிட்டது.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இங்கே கட்டுப்பாட்டாளர்கள் வெளிநாடு போகிறார்கள் என்று அவர்களின் சங்கமே பகிரங்கமாக எச்சரித்தது. ஆகவே ‘ஒரே ஆள், இரண்டு திரை’ என்பதை நான் ஐரோப்பியக் கதையாக வாசிக்கவில்லை. இரவு வேளைகளில் எத்தனை பேர் எத்தனை திரை பார்க்கிறார்கள் என்பதையும் அந்த வருட அறிக்கையில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

2022 ஜூனில் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் விமானம் யூஎல் 504 துருக்கி வானத்தில் 35,000 அடிக்கு ஏறச் சொல்லப்பட்டபோது, அங்கே இன்னொரு விமானம் நிற்கிறது என்று எங்கள் விமானிகள் ஏற மறுத்ததாகச் செய்தி வந்தது. ஸ்ரீலங்கன் நிறுவனம் அவர்களைப் பாராட்டி அறிக்கை விட்டது. எங்கள் ஊரே பெருமைப்பட்டது, நானும்தான். எங்களுக்குப் பெருமை தந்த நெருக்கத்தை நாட்டுக்குச் சொன்னோம். பெருமை தராதவற்றையும் அதே குரலில் சொல்லும் நாளைத்தான் கேட்கிறேன்.

விசாரணை யார் கையில் என்பதும் முக்கியம். சர்வதேச சிவில் விமான உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு, விசாரணை செய்யும் அமைப்பு விமானத்துறையை ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிலிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும் என்கிறது. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு 12 மாதம், முடியாவிட்டால் ஒவ்வொரு ஆண்டு நினைவுநாளிலும் எங்கே நிற்கிறது என்று ஓர் அறிவிப்பு. பாதையை வரைந்தவரே பாதை பிழையா என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. எங்கள் கந்தோரில்கூட பொலிசியை விற்றவனை மதிப்பீட்டுக்கு அனுப்பமாட்டார்கள். கொழும்பின் மேல் நாளை ஒன்று நடந்தால் யார் விசாரிப்பார்கள், அவர் யாருக்குக் கீழே, அறிக்கை எத்தனை நாளில் எங்கள் கைக்கு வரும் என்பதை இப்போதே, அமைதியான நேரத்தில், எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்றால், 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் வந்து சேரவில்லை. 55 பேர். அது மோதலில்லை, யுத்த காலம், வேறு காரணம். ஆனால் அன்று இரத்மலானையில் காத்திருந்தவர்களுக்குக் கடலடியில் சிதைவுகளாவது அடையாளம் காணப்பட 2012 வரை பிடித்தது. பதினான்கு வருடம் ஒரு பதிலுக்காகக் காத்திருப்பது என்றால் என்ன என்று எங்கள் சனத்துக்குத் தெரியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டு இவற்றைக் கேட்கலாம். போடவும் போகிறேன். ஆனால் மொட்டைமாடியில் நிற்கும் ஒவ்வொருவரும் விண்ணப்பப் படிவம் நிரப்பித்தான் தன் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன?

நான் அன்று பார்த்ததைத் திகதி, நேரம், நின்ற இடம், பார்த்த திசை, முகில் எல்லாம் குறித்துத் தனித்தாளில் எழுதி இந்த மடலோடு தபாலில் அனுப்புகிறேன். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாத விஷயமாகத்தான் இருக்கும். ராடார் பதிவைப் பார்த்து, ‘இருவருக்கும் நடுவே இத்தனை ஆயிரம் அடி இருந்தது, உங்கள் கண்தான் பிழை’ என்று நீங்கள் எழுதினால் சந்தோஷமாகச் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன். மூன்று மொழியும் வாசிப்பேன். ஆனால் பதிலைத் தமிழில் எழுதினால் பேத்தியும் வாசிப்பாள். அன்று என் பக்கத்தில் நின்று முதலில் விரல் காட்டியவள் அவள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மோட்டார் இழப்பீட்டு உத்தியோகத்தர் ஒருவர்,
கல்கிசை.